வீட்டுத் தோட்டத்திற்கேற்ற அழகுப் புற்கள்

புல் என்றதும் கமக்காரரின் கை தானாகவே மண்வெட்டியை நாடும். வயலிற் கோழிச்சூடனும், மிளகாய்ப் பாத்தியில் அறுகும், மேட்டு நிலத்தில் இலுக்கும் அவருடைய உழைப்பின் பெரும் பங்கை ஆண்டுதோறும் விழுங்கிவிடுகின்றன. இத்தகைய பகையை வீட்டு முற்றத்தில் விரும்பி நடுவதா என்று அவர் கேட்பாராயின் அது நியாயமான கேள்வியே.

ஆயினும் அவர் விதைக்கும் நெல்லும் ஒரு புல்லே. குரக்கன், சோளம், கரும்பு, மூங்கில் ஆகிய யாவும் புற்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆகவே புல் நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதிற் பயனில்லை. எந்தப் புல், எந்த இடத்தில், எவ்வாறு பரவும் என்பதையே கேட்டறிதல் வேண்டும். இம்மூன்றையும் அறிந்து தெரிந்தெடுத்த புல், வீட்டுக்கு அழகைத் தருவதோடு மண்ணைக் காத்து, மாட்டுக்கும் சமையலறைக்கும் உதவும். அறியாது கொண்டுவந்த புல், சில ஆண்டுகளில் வேலியைக் கடந்து வயலை அடையும்.

அழகுக்கென வந்து களையானவை

குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்து மிதக்கும் ஆகாயத்தாமரையை அறியாத கமக்காரர் இலர். அது இந்நாட்டில் இயற்கையாகத் தோன்றிய பூண்டன்று. அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பரவிய வேகத்தைக் கண்டு, 1909ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அது ஒழிந்தபாடில்லை.

புல்லினங்களிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. கால்நடைத் தீனிக்காக வந்த கினிப்புல் இன்று வீதியோரங்களிலும் கைவிடப்பட்ட தோட்டங்களிலும் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. கோடையில் அது காய்ந்ததும் ஒரு தீப்பொறி போதும், பற்றி எரிவதற்கு. மழை பெய்ததும் எரிந்த தூரிலிருந்தே மீண்டும் தளிர்க்கும். இலுக்குப் புல்லின் செந்நிற வகையொன்று பிறநாடுகளில் அழகுப் புல்லாக விற்கப்பட்டது. அதன் சில தூர்கள் காலப்போக்கிற் பச்சை நிறத்துக்குத் திரும்பி, சாதாரண இலுக்கைப் போலவே பரவத் தொடங்கின. நிறம் அழகாயிருப்பதால் ஒரு புல்லின் குணம் மாறிவிடாது என்பதை இவற்றிலிருந்து அறியலாம்.

பரவும் புல்லும் பற்றையாக நிற்கும் புல்லும்

ஒரு புல்லை நடுமுன் மூன்று சோதனைகளைச் செய்தல் வேண்டும். இவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவதாக, ஒரு தூரை மண்ணோடு கிளப்பி, வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். வேர்களுக்கிடையே வெண்மையான, கணுக்களுடைய, முனை கூரிய தண்டுகள் பக்கவாட்டில் நீண்டிருப்பின் அது நிலத்தின் கீழ் ஓடும் புல்லாகும். இலுக்கு இவ்வகையைச் சேர்ந்தது. அத்தண்டின் ஒரு கணு மண்ணில் எஞ்சினாலும் புதுப்புல் முளைக்கும். தண்டுகள் யாவும் ஒன்றையொன்று நெருங்கி, நேராக மேனோக்கி எழுந்திருப்பின் அது பற்றையாக நிற்கும் புல்லாகும்.

இரண்டாவதாக, நிலத்தின் மேற்பரப்பிலே தண்டுகள் படர்ந்து, கணுதோறும் வேர்விடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அறுகு மேலும் கீழும் ஓடுவதாகையால் அதனைப் பாத்தியின் அருகே விடலாகாது.

மூன்றாவதாக, விதையைச் சோதிக்க வேண்டும். முற்றிய கதிரை உதிர்த்து, ஈரமணல் பரப்பிய தட்டில் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வர வேண்டும். புதிதாக உதிர்ந்த புல்விதை சிலவேளை உறக்கநிலையிலிருக்கும். ஆதலால் ஒரு கிழமையில் முளைக்கவில்லையென்று முடிவு செய்தல் தவறு. இரண்டு மூன்று மாதம் பொறுத்திருந்து, முளை எதுவும் தோன்றாவிடினும், புல் நின்ற இடத்தைச் சுற்றி அடுத்த மாரியிலே நாற்றுக்கள் எழுகின்றனவா என்பதையும் அவதானித்தல் நன்று.

இம்மூன்று சோதனையிலும் தேறிய புல்லையே நிலத்தில் நடலாம். ஓடும் தண்டுடைய புல்லை அழகுக்காக வைத்திருக்க விரும்புவோர் அதனைச் சீமெந்துத் தொட்டியில் மட்டுமே வளர்த்தல் வேண்டும். வெள்ளை வரிகளுடைய பெருநாணல் இதற்கு உதாரணமாகும். அதனை வாய்க்கால் அருகே நட்டால், வெள்ளத்தில் அறுந்து செல்லும் தண்டுத் துண்டும் சென்ற இடத்தில் வேர்விடும்.

வெட்டிவேர்

கமக்காரரின் வீட்டுக்கு ஒரே ஒரு அழகுப் புல்லைத்தான் தெரிந்தெடுக்கலாமெனின், அது வெட்டிவேராகவே இருக்கட்டும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் இப்புல்லுக்கு வழங்கும் பெயர் நமது தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதேயாகும்.

இது 4 முதல் 6 அடி வரை உயர்ந்து, நீண்ட மெல்லிலைகள் வளைந்து நிற்க, அடர்ந்த பற்றையாக வளரும். ஊதா கலந்த பூங்கதிர்கள் இலைகளுக்கு மேலே எழும். சாகுபடியிலுள்ள தென்னிந்திய வகை, முளைக்கக்கூடிய விதையைப் பெரும்பாலும் தருவதில்லை. நட்ட இடத்தைவிட்டு அது நகர்வதுமில்லை.

வெட்டிவேரின் சிறப்பெல்லாம் நிலத்தின் கீழேயே இருக்கிறது. அதன் வேர்கள் பக்கங்களிற் பரவாது நேராகக் கீழிறங்கும். ஆழமான மண்ணில் அவை 10 அடியையும் கடக்கும். சுண்ணக்கல் மேலாக அமைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்வளவு ஆழம் செல்ல இடமில்லையெனினும், உள்ள மண்ணை அவை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் பக்கத்தே அதிகம் செல்லாமையால் அருகேயுள்ள கத்தரிக்கும் தக்காளிக்கும் அதனாற் பெரிய போட்டியில்லை. சில நாட்கள் வெள்ளம் தேங்கினாலும் இப்புல் அழுகுவதில்லை. வேரூன்றியபின் நீண்ட வறட்சியையும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. மாமரத்தின் கீழ் நட்ட வெட்டிவேர் ஆண்டுதோறும் மெலிந்து, இறுதியில் அழிந்துவிடும்.

பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலே 1950களில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கு வெட்டிவேர் வரிசைகள் நடப்பட்டன. 1980களில் உலக வங்கி இம்முறையை இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் பரப்பியது. பதுளை, வெலிமடை, நுவரெலியாப் பகுதிகளிலே சரிவான நிலத்தில் மரக்கறி செய்வோர் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சரிவிலே மேலிருந்து கீழாகப் பாத்தி அமைத்த தோட்டத்தில், ஒரு பெருமழை மேல்மண்ணையும் அதிலிட்ட எருவையும் சேர்த்தே ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. மண் பேணுதற்கென 1951ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மழை பெய்யும் இரவிலே மண்ணைத் தடுத்து நிறுத்துவது சட்டமன்று. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், இடைவெளியின்றி நிற்கும் புல்வரிசையே அதனைச் செய்யும். நீர் அவ்வரிசையினூடே மெதுவாகக் கசிந்து செல்ல, மண் பின்னே தங்கிவிடும். சில ஆண்டுகளில் அங்கே இயற்கையாகவே ஒரு படிக்கட்டு அமையும். இடையில் ஒரு தூர் பட்டுப்போயினும் அவ்விடைவெளியூடாக நீர் பாய்ந்து குழி பறிக்குமாதலால், உடனே வேறொன்றை நட்டு அடைத்தல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வேரின் வாசனையை விரும்பி, மண்ணைக் காக்கும் வரிசையையே கிளப்பிவிடுவோர் உளர். இது வீட்டுக் கூரையைப் பிரித்து விறகாக்குவதற்கு ஒப்பாகும். வேர் வேண்டுவோர், மட்டமான இடத்திலே மணல் கலந்த உயர்ந்த பாத்தியொன்றில் அதற்கெனத் தனியாகச் சில தூர்களை நடுதல் வேண்டும். சுமார் ஒன்றரை ஆண்டில் அவற்றைக் கிளப்பி வேரெடுக்கலாம். மணலாகையால் வேர் அறாது வரும்.

எலுமிச்சம்புல்லும் பங்கிரிப் புல்லும்

எலுமிச்சம்புல் சிங்களத்திற் சேர எனப்படும். 3 அடி வரை உயரும் இதன் இளம்பச்சை இலைகள் நாற்புறமும் வளைந்து விழுவதால், நடைபாதையின் இருமருங்கிலும் மிக அழகாயிருக்கும். இது பூப்பது அரிது. ஆகவே விதையினாற் பரவுமென்ற அச்சமில்லை. அடித்தண்டு கறிக்கும் இலை தேநீருக்கும் உதவும்.

பங்கிரிப் புல் தோற்றத்தில் இதனை ஒத்ததே. இலங்கையின் தென்பகுதியில், மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலே, எண்ணெய் வடிப்பதற்காக இது நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்தது. இதன் அடித்தண்டு பெரும்பாலும் செந்நிறம் கலந்திருக்கும். எலுமிச்சம்புல்லின் அடித்தண்டு வெளிறியிருக்கும். ஐயமிருப்பின் இலையைக் கசக்கி மணந்து பார்க்கலாம். சவர்க்காரத்தை நினைவூட்டும் கடுமையான மணமாயின் அது பங்கிரி. அதனைக் கறியிற் சேர்க்கலாகாது.

பங்கிரியை வீட்டைச் சுற்றி நட்டால் நுளம்பு வராது என்று பலர் நம்புகின்றனர். நுளம்பை விரட்டும் தன்மை வடித்தெடுத்த எண்ணெயிலே உண்டு. நிலத்தில் நிற்கும் புல்லை நம்பி நுளம்பு வலையைக் கைவிடுதல் ஆபத்தானது. தேங்கிய நீரை அகற்றுதலே சிறந்த வழியாகும்.

செந்நிறத் தூவற்புல்

பூச்செடி விற்போர் பவுண்டன் கிறாஸ் எனக் கூறி விற்கும் புல்லில் இருவகை உண்டு. கருஞ்சிவப்பு இலையும் நரிவாலைப் போன்ற செந்நிறக் கதிரும் உடையது பொதுவாக முளைக்கும் விதை தராதது. அதனை முற்றத்தில் நடலாம். பச்சை இலையுடையதோ ஏராளமான விதைகளைக் காற்றிலே பரப்புவது. ஹவாய்த் தீவுகளில் அது பெருங்களையாகி, தீப்பரவலுக்கும் காரணமாகியுள்ளது. நிறத்தைக் கவனியாது மலிவாகக் கிடைத்ததென்று பச்சை வகையை வாங்கி வருதல் கூடாது.

இடந் தெரிதல்

அழகுப் புல்லுக்கு நாள்தோறும் குறைந்தது 6 மணித்தியால வெய்யில் வேண்டும். எலுமிச்சம்புல், பங்கிரி, தூவற்புல் ஆகியன நீர் தேங்கும் இடத்தில் அழுகும். கிணற்றடி நீர் வடிந்தோடும் வாய்க்காலோரம், வெட்டிவேருக்கு ஏற்றது. வீட்டு வாசற்படிக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் மிக அருகே எந்தப் பற்றையையும் வைக்கலாகாது. புற்பற்றையில் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் ஒதுங்குமென்று வீட்டுப் பெண்கள் அஞ்சுவது காரணமற்றதன்று. படியிலிருந்து 6 அடியாவது தள்ளி நட்டு, தூரின் அடியிலுள்ள காய்ந்த இலைகளை அகற்றி, அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்திருந்தால் இவ்வச்சம் பெரிதும் நீங்கும். காய்ந்த இலையை வெறுங்கையால் இழுக்காது, கத்தியால் அறுத்து, தடியால் ஒதுக்குதல் வேண்டும்.

நடும் முறை

வரண்ட பகுதிகளிலே புரட்டாதி இறுதியிலிருந்து ஐப்பசி வரை, மாரி மழையின் தொடக்கமே நடுகைக்கு உகந்த காலம். மலைநாட்டிலே சித்திரை, வைகாசி மழையுடனும் நடலாம்.

நன்கு வளர்ந்த தூரைக் கிளப்பிக் கூரிய கத்தியாற் பிரித்து, ஒவ்வொரு கன்றிலும் 2 அல்லது 3 தண்டுகள் இருக்குமாறு எடுக்க வேண்டும். தூரின் நடுவிலுள்ள முதிர்ந்த தண்டுகளைக் கழித்து, ஓரத்திலுள்ள இளந்தண்டுகளையே தெரிதல் நன்று. இலையை 8 அங்குலத்துக்கும் வேரை 4 அங்குலத்துக்கும் நறுக்கிவிட வேண்டும். இலையை நறுக்காது நட்டால், வேர் பிடிக்குமுன் இலைவழியாக நீர் ஆவியாகிக் கன்று வாடும். கிளப்பிய அன்றே நட இயலாவிடின், ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்கலாம்.

அழகுக்குத் தனித்தனிப் பற்றையாக நிற்க வேண்டுமாயின் கன்றுக்குக் கன்று 3 அடி இடைவெளி விட வேண்டும். மண்ணைத் தடுக்கும் வெட்டிவேர் வரிசையிலோ 4 முதல் 6 அங்குலமே இடைவெளி. குழியில் இரண்டு கை மக்கிய மாட்டெருவை மண்ணோடு கலந்து, கன்றை முன்பிருந்த ஆழத்துக்கே நட்டு, மண்ணை மிதித்து இறுக்குதல் வேண்டும். முதல் ஒரு மாதம், மழையில்லாத நாட்களில் ஒருநாள்விட்டு ஒருநாள் தண்ணீர் விட வேண்டும். அதன்பின் கிணற்று நீரை மரக்கறிக்கே செலவிடலாம்.

யூரியா முதலிய வளமாக்கிகளை இப்புற்களுக்கு இடுவது வீண் செலவு. தழை மிகுந்து, தண்டு நலிந்து, பற்றை சரிந்துவிடும். ஆண்டுக்கொருமுறை ஒரு கூடை கூட்டெரு போதுமானது.

அறுக்கும் காலம்

அறுக்காத புல் அழகுப் புல்லாகாது. எலுமிச்சம்புல்லை 3 மாதத்துக்கொருமுறை நிலத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் விட்டு அறுக்கலாம். வெட்டிவேர் வரிசையை ஒரு முழ உயரத்துக்கு அறுத்து வந்தால் தூர் அடர்ந்து பெருகும். தூவற்புல்லை ஆண்டுக்கொருமுறை, மாரிக்கு முன், அரையடி விட்டு அறுத்தல் போதும்.

நெல் செய்வோர் இதனோடு வேறொரு காலத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். நெல்மணியிற் பால் பிடிக்கும் பருவத்திலே அதனை உறிஞ்சிப் பதராக்கும் நெல் மூட்டுப்பூச்சி, வயலில் நெற்கதிர் இல்லாத காலத்தில் வரம்பிலும் சுற்றாடலிலும் பூத்து நிற்கும் புற்களிலேயே உண்டு வாழ்கிறது. எனவே வயலை அடுத்த வீட்டுத் தோட்டத்தில் புற்கதிர்களை முற்றவிடாது, நெல் கதிர் வெளிவருமுன்பே அறுத்துவிடுதல் வேண்டும். பெரும்போகத்திலே பெரும்பாலும் மார்கழி மாதமே இதற்கான காலம். முற்றத்தில் நிற்கும் ஒரு கதிரின் அழகுக்காக வயலில் நிற்கும் நெல்லை இழப்பது புத்தியாகாது.

சோழகக் காற்று வீசத் தொடங்குமுன், சித்திரை, வைகாசி மாதங்களில், காய்ந்த இலைகள் யாவற்றையும் ஒருமுறை அகற்றுதல் வேண்டும். கிடுகு வேலி, ஓலைக் கொட்டில் ஆகியவற்றுக்கு அருகே காய்ந்த பற்றையை விட்டுவைத்தால் ஒரு சிறு பொறியும் பேராபத்தாக முடியலாம்.

மூன்று நான்கு ஆண்டுகளில் எலுமிச்சம்புல் தூரின் நடுப்பாகம் பட்டுப்போகும். அப்போது முழுத் தூரையும் கிளப்பி, ஓரக் கன்றுகளைப் புதிய இடத்தில் நட வேண்டும்.

அறுத்த புல்லின் பயன்

அறுத்த இலையை எரித்தல் தகாது. வெட்டிவேரின் இளந்தழையை மாடு உண்ணும். முதிர்ந்ததை மிளகாய், கத்தரி, தக்காளிப் பாத்திகளுக்கு 2 அல்லது 3 அங்குலத் தடிப்பில் மூடுபடையாக இடலாம். மண்ணின் ஈரம் காக்கப்பட்டு, இறைப்பின் தொகை குறையும், களையும் அடங்கும். தேயிலைத் தோட்டங்களிலே மறுநடுகைக்கு முன் மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் வளர்த்து, அறுத்து, நிலத்திலேயே பரப்பி மண்ணை வளப்படுத்தும் வழக்கமும் இதே தத்துவத்தைப் பற்றியதாகும். விதை முற்றிய கதிரை மட்டும் மூடுபடையிற் சேர்க்கலாகாது.

அயலவருக்குக் கொடுக்கும்போது

அழகுப் புற்கள் கடையிலிருந்து பரவுவதிலும் வேலிக்கு மேலாகவே அதிகம் பரவுகின்றன. அயல்வீட்டார் ஒரு தூர் கேட்டால் மறுப்பவர் நம்மவரில் இலர். நல்ல வழக்கமே, ஆயினும் தூரைக் கொடுக்கும்போது அது ஓடுமா, நிற்குமா, விதைக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பெறுபவரும் அதனைக் கேட்டறிந்தே நடுதல் வேண்டும். பெயரோ இயல்போ தெரியாத புல்லாயின், அதன் கதிரையும் வேரையும் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்துக்கு எடுத்துச் சென்று, விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி விளக்கம் பெறலாம்.

இவ்வாறு ஆராய்ந்து நட்ட ஒரு வரிசை வெட்டிவேரும் நான்கு தூர் எலுமிச்சம்புல்லும், அதிகப் பணச்செலவின்றி ஒரு வீட்டின் முற்றத்தை அழகு செய்யும். புல்லைக் களைவதில் நாளெல்லாம் உழைத்துத் திரும்பும் கமக்காரர், மாலையிலே தம் வாசலில் ஒரு புல்லை மனமகிழ்ந்து பார்க்கலாம். அடுத்த மாரியில் அதனைப் பிடுங்கியெறிய வேண்டிய நிலை அவருக்கு நேராது.